பட்டமளிப்பு மேடையில் அரசியல் பேசினால் டிப்ளமாவை நிறுத்தி வைக்கலாமா?

கார்த்திகைப்பூ:

மே மாதம் வந்தால் அமெரிக்கக் கல்லூரிகளில் இந்தச் சண்டையும் கூடவே வந்துவிடுகிறது. 2025 மே 14 அன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேலட்டின் பிரிவுப் பட்டமளிப்பு விழாவில் பேசிய மாணவர், பாலஸ்தீனத்தில் நடப்பதை இனப்படுகொலை என்று கண்டித்தார். எங்களிடம் காட்டிய உரை ஒன்று, பேசியது வேறு, பொய் சொல்லிவிட்டார் என்று நிர்வாகம் அவருடைய டிப்ளமாவை, அதாவது பட்டச் சான்றிதழை, நிறுத்தி வைத்தது. அதே மாதக் கடைசியில் எம்ஐடியில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) வகுப்புத் தலைவியாக இருந்த மாணவி, தன் பல்கலைக்கழகத்துக்கும் இஸ்ரேல் ராணுவத்துக்கும் உள்ள ஆராய்ச்சித் தொடர்பைப் பற்றி மேடையில் பேசினார். மறுநாள் நடந்த இளநிலைப் பட்டமளிப்புக்கு நீ வரக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள், டிப்ளமா தபாலில் வரும் என்றார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த உரைகளில் இருந்த அரசியலோடு நீங்கள் உடன்படலாம், உடன்படாமலும் போகலாம், எனக்கே சில வரிகளில் உடன்பாடில்லை. ஆனால் நான்கு ஆண்டு படித்து, தேர்வெழுதி, கல்விக்கடன் வாங்கிக் கட்டணம் கட்டிப் பெற்ற பட்டத்தைச் சில நிமிடப் பேச்சுக்காகப் பிடித்து வைப்பது என்னால் ஏற்கவே முடியாத தண்டனை. பட்டம் என்பது படிப்பை முடித்ததற்குக் கிடைப்பது, அது நன்னடத்தைச் சான்றிதழ் கிடையாது. விழா ஒழுங்கை மீறினார் என்றால் விழா சம்பந்தமாக ஏதாவது நடவடிக்கை எடுக்கட்டும். படிப்பின் மேல் ஏன் கை வைக்கிறார்கள்?

என் மகள் அடுத்த ஆண்டு முடிக்கிறாள், அதனால் இது எனக்கு வெறும் செய்தி இல்லை. இங்கே படித்துக்கொண்டிருப்பவர்களும் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்களும் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

வடக்குத்தெரு:

அக்கா, டிப்ளமாவில் கை வைத்தது அதிகம்தான், அதில் உங்களோடு இருக்கிறேன். ஆனால் மேடை விஷயத்தில் நான் வேறு பக்கம்.

வளாகத்தில் புல்வெளி இருக்கிறது, மாணவர் பத்திரிகை இருக்கிறது, கூட்டம் போட அறை இருக்கிறது, அங்கெல்லாம் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், பிடிக்காதவன் கேட்காமல் நடந்து போய்விடுவான். பட்டமளிப்பு அப்படி இல்லை. கவுனும் தொப்பியும் போட்டு வரிசையில் உட்கார்ந்திருப்பவன் எழுந்து போனால் தன் பெயரைக் கூப்பிடும்போது அங்கே இருக்க மாட்டான். எங்கிருந்தோ விமானம் ஏறி வந்த தாத்தா பாட்டி பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இஸ்ரேலில் உறவுகளை இழந்தவன் இருப்பான், காஸாவில் உறவுகளை இழந்தவனும் இருப்பான். அத்தனை பேர் சார்பிலும் பேசு என்று ஒருவரிடம் மைக்கைக் கொடுத்தால் அதை அவர் தன் சொந்தக் கட்சிக்கு எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று, இதைத்தான் பேசுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேறொன்றைப் பேசுவது. பேச்சுரிமை வேறு, கொடுத்த வாக்கு வேறு. இன்று நமக்குப் பிடித்த கருத்துக்காக வாக்கை மீறினால் கைதட்டுகிறோம், நாளைக்கு நமக்குப் பிடிக்காத கருத்துக்காக ஒருவன் அதையே செய்வான், அப்போது என்ன சொல்வோம்?

கறுப்புக்கோட்டு:

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் இடையில் வைத்துவிடுகிறேன், ஏனென்றால் இந்த விவாதம் எங்கே நடந்தாலும் முதல் திருத்தம் முதல் திருத்தம் என்று எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள்.

பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும். அரசுப் பல்கலைக்கழகங்கள் அதற்குள் வரும். நியூயார்க் பல்கலைக்கழகம், எம்ஐடி, ஹார்வர்ட், கொலம்பியா எல்லாம் தனியார், அவை வராது. தனியார் கல்லூரியில் உங்களுக்கு உள்ள உரிமை பெரும்பாலும் அந்தக் கல்லூரியே தன் கையேட்டில் எழுதிக் கொடுத்த வாக்குறுதிதான். கலிஃபோர்னியா மட்டும் விதிவிலக்கு, அங்கே 1992இல் வந்த லெனர்ட் சட்டம், வளாகத்துக்கு வெளியே பேசினால் பாதுகாப்பு உள்ள பேச்சுக்காகத் தனியார் கல்லூரியும் மாணவரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது, மத நிறுவனங்களுக்குச் சில விலக்குகளோடு. அந்தச் சட்டத்தை வைத்துத்தான் 1995இல் ஸ்டான்ஃபோர்டின் பேச்சுக் கட்டுப்பாட்டு விதியையே நீதிமன்றத்தில் தோற்கடித்தார்கள்.

அதிகாரபூர்வ மேடையில் பேசும் உரையை முன்கூட்டியே பார்ப்பதற்கு, அரசுக் கல்லூரியாக இருந்தாலும், நிர்வாகத்துக்குக் கணிசமான இடம் உண்டு. அதே மாணவர் கீழே வரிசையில் அமைதியாக ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கதை வேறு. வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிய பள்ளி மாணவர்கள் பக்கம்தான் 1969இல் உச்ச நீதிமன்றம் நின்றது, டிங்கர் வழக்கு. ஆக வடக்குத்தெரு சொல்லும் மேடை, புல்வெளி வேறுபாடு சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதாலேயே ஒரு காரியம் நியாயமாகிவிடாது, அதை நீங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

தேர்முட்டி:

நான் வலதுசாரிப் பக்கம் சாய்ந்தவன், இங்கே பலருக்குத் தெரியும். எனக்கு இருக்கும் வருத்தத்தை நேராகவே சொல்கிறேன்.

பேச்சுரிமை பற்றி இவ்வளவு உருகும் பலர் 2014இல் எங்கே இருந்தார்கள்? அந்த ஒரே வசந்த காலத்தில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வரவேண்டிய காண்டலீசா ரைஸ் இராக் போரைக் காட்டி எழுந்த எதிர்ப்பால் விலகிக்கொண்டார். ஸ்மித் கல்லூரிக்கு வரவேண்டிய கிறிஸ்டீன் லகார்ட் விலகினார், அப்போது அவர் ஐஎம்எஃப் எனும் சர்வதேச நாணய நிதியத்தின் தலைவர். இஸ்லாத்தைக் கடுமையாக விமர்சிக்கும் எழுத்தாளர் அயான் ஹிர்சி அலிக்கு அறிவித்த கௌரவப் பட்டத்தை பிராண்டைஸ் பல்கலைக்கழகம் திரும்பப் பெற்றது. ரைஸ் யார்? அலபாமாவில் இனப் பாகுபாட்டுக்கு நடுவே வளர்ந்து, நாட்டின் வெளியுறவு அமைச்சரான முதல் கறுப்பினப் பெண். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மாணவனுக்கு ஒன்றுமே இல்லையா? எதிர்த்துக் கேள்வி கேட்கக்கூட அவர் அங்கே வந்தால்தானே முடியும்.

2024இல் பெனடிக்டைன் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஹாரிசன் பட்கர் பெண்களும் குடும்பமும் பற்றித் தன் கத்தோலிக்க நம்பிக்கையைப் பேசினார். அவரை அணியிலிருந்தே நீக்க வேண்டும் என்று மனு போட்டார்கள். அவர் பேசியது எனக்கே முழு உடன்பாடு இல்லை. ஆனால் பேச்சுக்காக ஒருவரின் வேலையைப் பறி என்பதும், பேச்சுக்காக டிப்ளமாவை நிறுத்து என்பதும் ஒரே மனநிலைதான். அந்த ஆத்திரத்தைக் கண்டிக்காதவர்களுக்கு இப்போது நியூயார்க் பல்கலைக்கழக நிர்வாகத்தைக் கண்டிக்கும் பேச்சில் பலம் இருக்காது.

கார்த்திகைப்பூ:

தேர்முட்டி அண்ணா, ரைஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கூப்பிட்டவரை வராமல் செய்வதை நானும் வெற்றி என்று எண்ணவில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தை விட்டுவிடுகிறீர்கள். ரைஸுக்கு ரட்கர்ஸ் மேடை போனாலும் அவர் எழுத, பேச, பாடம் நடத்த நூறு மேடைகள் இருந்தன. ஒரு மாணவருக்கு வாழ்க்கையில் அந்த ஒரு மேடைதான். அதிகாரம் உள்ளவரை எதிர்த்து மாணவர்கள் மனு எழுதுவதும், அதிகாரம் உள்ள நிர்வாகம் மாணவரின் சான்றிதழைப் பூட்டி வைப்பதும் ஒரே தட்டில் நிற்காது. மனு எழுதுவதும் பேச்சுதானே.

2024 தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பின் முதல் மாணவி என்று அவர்களே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள், உயிர்மருத்துவப் பொறியியல் படித்தவர், முஸ்லிம். அவருடைய சமூக ஊடகப் பக்கத்தில் இருந்த பாலஸ்தீன ஆதரவு இணைப்பைக் காட்டி எதிர்ப்பு கிளம்பியது, உடனே ஏப்ரல் 15 அன்று பாதுகாப்பு காரணம் என்று சொல்லி அவர் பேச்சையே ரத்து செய்துவிட்டார்கள். அவர் இன்னும் ஒரு வரிகூடப் பேசவில்லை! வடக்குத்தெரு தம்பி சொன்ன வாக்கு மீறலும் இல்லை, உட்கார்ந்திருப்பவர்களைப் புண்படுத்தியதும் இல்லை. அப்புறம் வெளியிலிருந்து அழைத்த பேச்சாளர்களையும் விட்டார்கள், கடைசியில் சுமார் 65,000 பேர் கூடும் பெரிய விழாவையே ரத்து செய்தார்கள். தன் பொறியியல் பள்ளியின் சிறு விழாவில் அந்தப் பெண் மேடையைக் கடந்தபோது சக மாணவர்கள் கைதட்டினார்கள். யாரைப் பாதுகாக்கிறோம் என்றார்களோ அவர்களே கைதட்டுகிறார்கள் என்றால் பயந்தது யார்?

மிரட்டுகிறவனைத் தடுக்காமல் பேசுகிறவளைத் தடுத்தால், அடுத்த முறை மிரட்டுவதற்கு எவனுக்கும் தயக்கம் இருக்காது.

வடக்குத்தெரு:

இந்த ஒன்றில் எனக்கு மறுப்பே இல்லை அக்கா. பேசாத பேச்சுக்குத் தடை என்பது எந்தக் கணக்கிலும் வராது.

பின்வரிசை:

இங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், ஒவ்வொரு மே மாதமும் ஆசிரியர் வரிசையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்ப்பவன். நீங்கள் எல்லோரும் மேடையில் இருப்பவரைப் பற்றியே பேசுகிறீர்கள், கீழே இருப்பவர்கள் எப்படி எதிர்ப்பைக் காட்டலாம் என்பதைப் பேசினால் பாதிச் சிக்கல் தெளியும் என்று நினைக்கிறேன்.

2014இல் ஹேவர்ஃபோர்ட் கல்லூரியில் நடந்தது இது. பெர்க்லியின் முன்னாள் வேந்தர் ராபர்ட் பிர்ஜனோ பேச வருவதாக இருந்தது. 2011இல் பெர்க்லி வளாகப் போராட்டத்தில் காவல்துறை மாணவர்களை அடித்ததற்கு அவர் பொறுப்பேற்க வேண்டும் என்று மாணவர்கள் சிலர் நிபந்தனைகளோடு கடிதம் எழுதினார்கள். அவர் வரவில்லை. அதே விழாவில் பேசிய வில்லியம் போவன், பிரின்ஸ்டனின் முன்னாள் தலைவர், மாணவர்கள் முகத்துக்கு நேராகவே இது ஹேவர்ஃபோர்டுக்கு வெற்றி இல்லை, தோல்வி என்றார், நிபந்தனை போட்டவர்களின் போக்கை முதிர்ச்சியற்றது, ஆணவமானது என்றார். அதோடு ஒரு பழைய நிகழ்ச்சியையும் சொன்னார். வியட்நாம் போர்க் காலத்தில் அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸுக்கு பிரின்ஸ்டன் கௌரவப் பட்டம் கொடுத்தபோது, எதிர்த்தவர்கள் எழுந்து முதுகைக் காட்டி நின்றார்கள், கத்தவில்லை, விழாவும் நிற்கவில்லை. எதிர்ப்பு எல்லோருக்கும் புரிந்தது.

எனக்கு இதுதான் அளவுகோல். முதுகைக் காட்டுவது, எழுந்து வெளியே போவது, பட்டை கட்டுவது, கைகுலுக்க மறுப்பது எல்லாம் பேச்சு. அதைத் தடுக்கக்கூடாது. பேசுகிறவரின் குரல் கேட்காதபடி கத்திக்கொண்டே இருப்பது வேறு, அது கேட்க வந்தவரின் உரிமையையும் சேர்த்துப் பறிக்கிறது. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2009இல் ஒபாமா வந்தபோது கருக்கலைப்பு பற்றிய அவர் கொள்கைக்காக அந்த மறைமாவட்ட ஆயரே விழாவைப் புறக்கணித்தார், மாணவர்கள் சிலர் விழாவுக்குப் போகாமல் வளாகத்திலேயே தனியாகப் பிரார்த்தனை செய்தார்கள். 2017இல் துணை அதிபர் மைக் பென்ஸ் பேசத் தொடங்கியதும் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுந்து போனார்கள். முன்கூட்டியே தெரிந்தும் நிர்வாகம் தடுக்கவில்லை. ஒருமுறை வலது, ஒருமுறை இடது, இரண்டு முறையும் அழைக்கப்பட்டவர் பேசி முடித்தார், எதிர்த்தவர் எதிர்த்து முடித்தார், எவருடைய பட்டமும் போகவில்லை. இது முடியாத காரியம் இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இதற்கு நேர் எதிர் 2017இல் பெத்தூன்-குக்மன் பல்கலைக்கழகம். கல்வி அமைச்சர் பெட்சி டிவாஸ் பேசும்போது மாணவர்கள் கூச்சலிட்டார்கள், பலர் முதுகைக் காட்டினார்கள். தலைவர் மைக்கைப் பிடித்து, இது தொடர்ந்தால் பட்டங்கள் தபாலில் வரும் என்றார். கூச்சலும் தவறு, அந்த மிரட்டலும் தவறு. கூச்சலிட்டவனையும் அமைதியாக முதுகைக் காட்டியவனையும் ஒன்றாகவே மிரட்டியது எல்லாவற்றையும்விடத் தவறு.

தேர்முட்டி:

பின்வரிசை ஐயா எழுதியது எனக்கு ஏற்புடையது. முதுகைக் காட்டட்டும், வெளியே போகட்டும், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஒரு கேள்வி மட்டும். மாணவப் பேச்சாளர் உரையை மாற்றிப் பேசினால் உங்கள் அளவுகோலில் அது எங்கே வருகிறது?

பின்வரிசை:

அதற்கு ஒரே பதில் என்னிடம் இல்லை, ஆனால் இரண்டு முன்னுதாரணங்கள் மனதில் வருகின்றன. 1969இல் வெல்லஸ்லி கல்லூரிப் பட்டமளிப்பில் முதல்முறையாக ஒரு மாணவி பேசினார், ஹிலரி ராடம், பின்னாளில் ஹிலரி கிளின்டன். அவருக்கு முன்னால் பேசியவர் செனட்டர் எட்வர்ட் புரூக். தயாரித்து வைத்த உரையைத் தொடுவதற்கு முன்னால் ஹிலரி செனட்டருக்கு அங்கேயே மறுப்புச் சொன்னார். முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். யாரும் பட்டத்தை நிறுத்தவில்லை, இன்று அந்த உரையைக் கல்லூரியே பெருமையோடு நினைவுகூர்கிறது.

இன்னொன்று 2024 மே, ஹார்வர்ட். பாலஸ்தீன ஆதரவு வளாகப் போராட்டத்தில் பங்கேற்றதற்காக 13 மாணவர்களுக்கு அந்த விழாவில் பட்டம் தர நிர்வாகக் குழு மறுத்தது. பட்டம் கொடுங்கள் என்று கலை அறிவியல் பிரிவின் ஆசிரியர்கள் வாக்களித்த பிறகும் மறுத்தது. விழாவில் பேசிய மாணவி ஒருவர், இந்திய வம்சாவளிப் பெண், ஒப்புதல் வாங்கிய உரையிலிருந்து விலகி இதைக் கண்டித்துப் பேசினார். நூற்றுக்கணக்கான மாணவர்கள் விழாவிலிருந்து வெளியேறினார்கள். அந்த 13 பேரில் பெரும்பாலானவர்களுக்குப் பின்னர் பட்டம் கிடைத்துவிட்டது.

ஆகவே என் எண்ணம் இதுதான்: உரையை மாற்றுவது விதிமீறல், நிர்வாகம் வருத்தம் தெரிவித்து அறிக்கை விடட்டும், இது எங்கள் கருத்தில்லை என்று அதே மேடையிலேயே சொல்லட்டும். அதற்கு மேல் போனால், கொடுத்த வாக்கை மீறியதற்கா, சொன்ன கருத்துக்கா இந்தத் தண்டனை என்று கேட்கத்தான் செய்வார்கள். மேடையில் ஒரு மாணவர் உரையை மாற்றித் தன் அம்மாவுக்கு நன்றி சொல்லியிருந்தால் டிப்ளமாவை நிறுத்தியிருப்பார்களா?

மேகமலை:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் வெளிநாட்டு மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் இருக்கும் ஆராய்ச்சி மாணவன், இந்த ஆண்டு முடிக்கிறேன். நீங்கள் டிப்ளமா போகுமா வருமா என்று பேசுகிறீர்கள், எங்களுக்கு அது இரண்டாவது கவலை.

2025 மார்ச்சில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மாணவி ஒருவரை முகமூடி அணிந்த அதிகாரிகள் தெருவில் வைத்துப் பிடித்துப் போனார்கள், துருக்கியிலிருந்து வந்து முனைவர் பட்டத்துக்குப் படித்தவர். மாணவர் பத்திரிகையில் பாலஸ்தீனம் பற்றி இன்னும் சிலரோடு சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரைதான் அவருக்கு எதிராகச் சொல்லப்பட்டதில் வெளியே தெரிந்தது. லூசியானாவில் அடைத்து வைத்து மே மாதம் நீதிபதி உத்தரவில்தான் விட்டார்கள். அதே மார்ச்சில் கொலம்பியாவில் படிப்பை முடித்திருந்த, பாலஸ்தீன ஆதரவுப் போராட்டங்களில் முன்னின்ற மஹ்மூத் கலீலைப் பிடித்தார்கள், அவர் கிரீன் கார்டு வைத்திருந்தவர். தன் பட்டமளிப்பு விழா நடந்தபோது அவர் தடுப்புக் காவலில் இருந்தார். விழா மேடையில் கொலம்பியாவின் தற்காலிகத் தலைவர் பேசியபோது மாணவர்கள் குறுக்கிட்டு, கலீலின் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள்.

கத்துவது சரியில்லை என்று பின்வரிசை ஐயா சொல்கிறார். ஐயா, உங்கள் அளவுகோலை மதிக்கிறேன். ஆனால் முதுகைக் காட்டி அமைதியாக நிற்கக்கூட எங்களைப் போன்றவர்கள் இருமுறை யோசிக்கிறோம், யார் போனில் யார் முகம் பதிவாகும் என்று தெரியாது. என் நண்பர்கள் சிலர் பழைய பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டார்கள், பாதி பதிவுகள் அரசியலே இல்லை. குடியுரிமை உள்ளவர்கள் மட்டும் பேசக்கூடிய வளாகத்தில் எந்த அளவுகோல் வைத்தாலும் அது பாதிப் பேருக்குத்தான் பொருந்தும். எனக்காகக் கத்திய அந்த மாணவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

பின்வரிசை:

தம்பி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேசக்கூடியவர்கள் பேச முடியாதவர்களுக்காகப் பேசுவதை நான் எப்படிக் குறை சொல்வேன். ஆனாலும் ஒரு விழாவையே நடக்கவிடாமல் செய்யும் அளவுக்குக் கூச்சல் போனால் அதைக் காரணம் காட்டித்தான் அடுத்த தடை வரும் என்ற என் பயம் போகவில்லை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்.

கறுப்புக்கோட்டு:

மேகமலை, ஒன்று சொல்லட்டுமா. முதல் திருத்தம் குடிமக்களுக்கு மட்டும் என்று எங்கும் எழுதவில்லை, இந்த நாட்டில் இருப்பவர்களுக்கும் பேச்சுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1945இலேயே பிரிட்ஜஸ் வழக்கில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் குடியேற்றச் சட்டம் அரசுக்குப் பெரிய அதிகாரம் கொடுத்திருக்கிறது, இரண்டும் மோதும் இடத்தில் ஒருவர் பல வாரங்கள் காவலில் இருந்தபடிதான் தன் உரிமையை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இறுதியில் வழக்கில் ஜெயித்தாலும் அந்த வாரங்கள் திரும்ப வராது. உங்களுக்கு நான் துணிந்து பேசுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், வாயை மூடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். விழாவில் ஏதாவது செய்வதாக இருந்தால் அதற்கு முன்னால் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள், பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்குச் சட்ட உதவி மையம் இருக்கும்.

வடக்குத்தெரு:

நான் தொடங்கிய இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கிறேன். மேடை எல்லோருக்கும் பொது என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் எல்லோரும் வெளியே பயமில்லாமல் பேச முடிந்தால்தான் மேடையில் பேசாதே என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. புல்வெளியில் பேசு என்று எழுதினேன், அந்தப் புல்வெளியில்தான் 2024இல் காஸா போரை எதிர்த்துக் கூடாரம் போட்டவர்களைப் போலீஸ் தூக்கிப் போனது. கூடாரம் போடுவது வேறு விவாதம், அதை இங்கே இழுக்கவில்லை.

கார்த்திகைப்பூ:

நான் சேர்க்க நினைப்பது 2024இல் முடித்த பிள்ளைகளைப் பற்றி. அவர்களில் பெரும்பாலானவர்கள் 2020இல் பள்ளியை முடித்தவர்கள், கொரோனாவால் அந்தப் பட்டமளிப்பு இல்லாமல் போனவர்கள். நான்கு ஆண்டு கழித்து கொலம்பியாவும் தெற்குக் கலிஃபோர்னியாவும் பெரிய விழாவையே ரத்து செய்தபோது அவர்களுக்கு இரண்டாவது முறையும் இல்லாமல் போனது. போராடியவர், போராடாதவர், எந்தக் கருத்தும் இல்லாதவர் எல்லோருக்கும் சேர்த்துத்தான் போனது. நிர்வாகங்கள் பேச்சைக் கண்டு பயந்தால் அமைதியாக இருந்தவர்களும் இழக்கிறார்கள் என்பதை வடக்குத்தெரு தம்பியின் தாத்தா பாட்டிக்காகவே சொல்கிறேன்.

மகளிடம் இந்த இழையைக் காட்டினேன். அவள் கல்லூரியில் மாணவப் பேச்சாளரைத் தேர்ந்தெடுக்கும் குழு இலையுதிர் பருவத்தில் கூடுமாம். உரையை மாற்றினால் என்ன நடவடிக்கை, எது நடவடிக்கை இல்லை, டிப்ளமா எந்த நிலையிலும் தொடப்படாது என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்கப்போவதாகச் சொல்கிறாள். கறுப்புக்கோட்டு, அப்படி எழுதி வாங்கினால் தனியார் கல்லூரியில் அதற்கு மதிப்பு உண்டா?

கறுப்புக்கோட்டு:

உண்டு. கையேட்டில் இருக்கும் பொதுவான வாசகத்தைவிட, குறிப்பிட்ட ஒரு விஷயத்துக்காக எழுத்தில் கொடுத்த உறுதிக்கு மதிப்பு அதிகம், பல மாநிலங்களில் நீதிமன்றங்கள் அதை ஒப்பந்தம் போலவே பார்க்கும். மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள், பதிலை யார் அனுப்பினார், அவர் பதவி என்ன என்பது தெரியும்படி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பதில் தர மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் கேட்கட்டும்.